ஆரின் வரும்வரை ஓடிய பாட்டு

லோர்னா ட்வெய்ட் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சிலியில் ஒரு துறைமுகத்தில், யாருடைய படகுக்கோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். அடக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். அன்று எங்கள் ஊர் ரேடியோவில் யார் வந்து என்ன இசைத்தட்டு போட்டார்கள் என்பதை மட்டும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் தீவில் ஒரு சாவை அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது ஊருக்குத் திரும்பி, மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். லோர்னா முப்பது வருஷம் நின்ற அதே வரிசை. சால்மன் மீன்கள் பெல்ட்டில் வரும், தரம் பார்த்துப் பிரிக்க வேண்டும். ரப்பர் ஏப்ரனும் முழங்கை வரை கையுறையும் போட்டு நின்றால் யார் யாரென்றே தெரியாது. பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு மேலே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அந்த ரேடியோவில்தான் லோர்னாவை எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் டோல்சன் ஊரின் ரேடியோ நிலையம் வலைக்கிடங்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. குறுகலான மரப்படி. அது யாருக்கும் சொந்தமில்லை. விளம்பரம் கிடையாது. கேட்கிறவர்கள் கொடுப்பதில்தான் ஓடுகிறது. கையில் காசில்லாதவர்கள் விறகு கொண்டுவந்து போடுவார்கள், புகையில் வாட்டிய மீன் கொடுப்பார்கள், கூரை ஒழுகினால் ஏறி அடைப்பார்கள். பாட்டுப் போடுகிறவர்களுக்கும் சம்பளம் இல்லை. பகலில் மீன் வெட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்று ஆளுக்கு ஒரு மணி நேரம். நிர்வாகி ஹார்வி ஒருவருக்குத்தான் சம்பளம், அதுவும் பேருக்கு.

லோர்னா அந்தப் படியில் முதன்முதலில் ஏறியதே சண்டை போடத்தான்.

"எந்நேரமும் இந்த கிதார் இழுப்புதான். எங்க அப்பாவும் அம்மாவும் ஆடின வால்ட்ஸ் ஒண்ணு போட்டா உங்க ஸ்டேஷன் இடிஞ்சு விழுந்துருமா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஹார்வி அப்போது புதிதாக வந்தவர், தலைமுடியை முதுகுவரை வளர்த்திருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி காலியாக இருக்கிறது, நீங்களே வந்து போடுங்கள் என்று அவர் சொன்னதைக் கிண்டல் என்று நினைத்து, அடுத்த சனிக்கிழமையே மீன் கூடையில் இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். கிண்டல் இல்லை என்று தெரிந்தபோது நேரம் பத்தைத் தாண்டியிருந்தது, மைக்கும் திறந்திருந்தது. தட்டு சுழலவில்லை என்று அவள் திட்டியதை ஊரே கேட்டது. பாதிரியாரின் மனைவி போன் போட்டு, அந்த இரண்டாவது வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தாளாம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பத்து மணி அவளுடையது. அக்கார்டியன், வால்ட்ஸ், போல்கா, பழைய நார்வேக்காரர்களின் ஆட்டப் பாட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கையை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவுவாள். சனிக்கிழமை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருவாள். ரேடியோவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஹார்வி ஒருதரம் கேட்டதற்கு, "மீன் வாசத்தோட எனக்கு வால்ட்ஸ் போட வராது" என்றாள்.

மூன்று நான்கு பாட்டு முடிந்ததும் சேதிகள் வாசிப்பாள். சுற்றியுள்ள குடாக்களில், மரம் வெட்டும் முகாம்களில், படகுகளில் இருப்பவர்களுக்கு அன்று போன் கிடையாது. ஊரில் இருப்பவர்கள் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள், ரேடியோவில் வாசித்தால் அங்கே கேட்கும். ஊருக்கும் கேட்கும், அது வேறு விஷயம். எதை வாசித்தாலும் லோர்னா குரல் மாறாது.

"ஒயிட் பாயிண்ட்ல இருக்கற டாகுக்கு. ஜெனரேட்டர் பாகம் நாளைக்கு விமானத்துல வருது. கூடவே உன் மாமியாரும் வர்றாங்க."

"ரூத்துக்கு. நான் சொன்னது தப்புதான், வீட்டுக்கு வா. அனுப்பினவரு பேரு போடல. நம்ம பக்கத்துல ரூத் ஒருத்திதான இருக்கா, அவளுக்குத் தெரியும்." இதை வாசித்த கையோடு ஒரு மெதுவான வால்ட்ஸ் போட்டாள். ரூத் மறுநாளே வீடு திரும்பியதாகச் சொல்வார்கள்.

யாருடைய சேதியை வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் தன் வீட்டுச் சங்கதிக்கு மைக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ஒரு விதி உண்டு. முன்பு ஒரு கணவனும் மனைவியும் அடுத்தடுத்த மணி நேரங்களில் பாட்டுப் போட்டார்கள். பிரிந்த பிறகு ஒரு வசந்த காலம் முழுக்கப் பாட்டாலேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஊர் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து கேட்டது. அதற்குப் பிறகுதான் உறுப்பினர் கூட்டத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். முன்மொழிந்தவள் லோர்னா.

அவளுக்கு ஒரே தம்பி, ஆரின். படகை விற்றபின் ஸ்ப்ரூஸ் குடாவில் தனியாக இருந்தான். எங்கள் துறையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். ஒரு அறை, ஒரு அடுப்பு, வாசலில் மிதவை மேடை. அவனுக்குச் சர்க்கரை வியாதி. அந்த வருஷம் அக்டோபரில் காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. தபால் கொண்டுபோன விமானி, ஆரின் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். லோர்னா மருத்துவமனை நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. இப்படியே விட்டால் கால் போகும், அதற்கப்புறமும் விட்டால் ஆளே போய்விடுவான் என்றாள்.

ஆரினுக்கு அது தெரியாமல் இல்லை. அவர்களுடைய அம்மாவை இப்படித்தான் ஒரு காய்ச்சலுக்கு விமானத்தில் ஏற்றி சியாட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பெட்டிதான். ஊருக்கு வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போனால் குடாவுக்குத் திரும்ப முடியாது. அவன் கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு சனிக்கிழமை லோர்னா மற்றவர்களுடைய சேதிகளுக்கு நடுவில், ஆரின் உடனே வந்து காலைக் காட்ட வேண்டும் என்று நர்ஸ் பெயரிலேயே வாசித்தாள். விதியை மீறாமல் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஆரின் வரவில்லை. என் அப்பாவும் இன்னொருவரும் படகில் போய்ப் பார்த்தார்கள். காபி போட்டுக் கொடுத்தான், ஒரு பை நிறைய மீன் கொடுத்தான், கால் தன்னுடையது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளை அவன் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வரும் வழக்கம் இல்லை. அடுத்த வாரம் விமானி போனபோது புகைபோக்கியில் புகை வந்தது, ஆள் வெளியே வரவில்லை.

மறுநாள் நிதி வாரத்துச் சனிக்கிழமை.

நிதி வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நிலையம் ஊரிடம் கையேந்தும். அப்போது பாட்டுப் போடுகிற ஒவ்வொருவரும், யாராலும் சகிக்க முடியாத ஒரு பாட்டைக் கொண்டுவருவார்கள். அதைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பணம் தருகிறேன், போதும் நிறுத்து என்று யாராவது போன் செய்யும்வரை ஓடும். ஒருவர் கோழி கூவுகிற பாட்டு வைத்திருந்தார். ஒருவர் தன் மகன் வயலின் பழகியதைப் பதிவு செய்து கொண்டுவந்து, அரை மணியில் கூரைச் செலவைத் தேற்றிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் அப்பாவோடு, துறையில் கட்டியிருந்த படகில் இருந்தேன். எனக்குப் பதினேழு வயது. தூண்டில்களுக்கு இரை குத்திக்கொண்டிருந்தோம். மாலுமி அறையில் ரேடியோ பாடியது. லோர்னா சேதிகளை வாசித்து முடித்தாள். பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள்.

"இப்ப ஒரு பாட்டு போடறேன். இத நிறுத்தறதுக்கு நீங்க யாரும் போன் பண்ண வேணாம். பணம் குடுத்தாலும் நிறுத்த மாட்டேன். பாடினவனுக்குத் தெரியும் இது யாரு பாட்டுன்னு. அவனே இந்தப் படியேறி வந்து ஊசிய எடுக்கட்டும். அதுவரைக்கும் ஓடும்."

அக்கார்டியன் ஒன்று தொடங்கியது. பிறகு ஒரு இளைஞனின் குரல். ஹெர்ரிங் மீன் கூட்டம் வந்தது, போனது, நீ மட்டும் கரையில் நில் என்பது மாதிரி ஒரு பாட்டு. மேலே ஏறும் இடத்தில் குரல் பிசிறியது. அப்பா கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி. இது ஆரின்" என்றார்.

ஆரின் இருபத்திரண்டு வயதில், ஒரு மீன் பருவத்தின் சம்பாத்தியத்தை எடுத்துக்கொண்டு சியாட்டிலுக்குப் போய், தானே எழுதிய பாட்டை இசைத்தட்டாகப் போட்டுக்கொண்டு வந்தது ஊருக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியிலேயே முழுப் பெட்டியையும் கடலில் தள்ளிவிட்டான் என்பதும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பெட்டிக்கு வெளியே இருந்த ஒரு தட்டு தப்பித்து அக்காவிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. போடவே மாட்டேன் என்று சத்தியம் செய்து வாங்கி வைத்திருந்தாளாம்.

முதல் இரண்டு மூன்று தடவை ஊர் சிரித்தது. பக்கத்துப் படகில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. பதினொரு மணிக்கு அடுத்த மணி நேரத்துக்காரர் தன் ரெக்கே பாட்டுப் பெட்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார். ஹார்விதான் தவித்துப் போனார். நிதி வாரத்தில் சனிக்கிழமைதான் நல்ல நாள். அவர் கதவருகே வந்து நின்று பேசியது, பாட்டு முடிந்து ஊசி திரும்பும் இடைவெளியில் எங்களுக்கும் கேட்டது.

"லோர்னா, இது உன் வீட்டுச் சமையலறை இல்ல."

"தெரியும் ஹார்வி. சமையலறையில இருந்து கூப்பிட்டா அவனுக்குக் கேக்காதே."

"விதி கொண்டுவந்தவளே நீதான்."

"ஆமா. மீறினா என்னன்னும் நான்தான் எழுதிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கு." மறுபடியும் அக்கார்டியன்.

எழுதிக் கொடுத்தது இதுதான்: மீறியவர் தன் மணி நேரத்தை இழக்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார். லோர்னாவுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கணவன் போய்ப் பல வருஷம், குழந்தை இல்லை. வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவள் கையுறையும் ஏப்ரனும்தான்.

ஆரின் ரேடியோவை அணைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவன் அணைத்தால் அவனுக்கு மட்டும்தானே கேட்காது என்றார் அப்பா.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் எங்கள் வயர்லெஸ் கரகரத்தது.

"ஆல்ஃப். இருக்கியா?"

அப்பா எடுத்தார். "இருக்கேன் ஆரின்."

"அந்தச் சனியன நிறுத்தச் சொல்லு அவகிட்ட."

"நான் சொன்னா கேப்பாளா? நீ வந்து எடுக்கணுமாம்."

வயர்லெஸ்ஸில் பேசினால் எல்லாப் படகுக்கும் கேட்கும். யாரோ ஒருவர் நடுவில் புகுந்து, இரண்டாவது சரணம் நன்றாகத்தான் இருக்கிறது ஆரின், அதை மட்டும் போடச் சொல்லலாமா என்றார். இன்னொருவர், தன் பெண்டாட்டி அதைப் பாடிக்கொண்டே ரொட்டி பிசைகிறாள், இனிமேல் காலத்துக்கும் தலையை விட்டுப் போகாது என்றார். ஆரின் இருவரையும் வரிசையாகத் திட்டினான். அதன்பிறகு பாட்டு ஒருமுறை முழுதாக ஓடி முடிந்தது.

"ஆல்ஃப்."

"சொல்லு."

"என்னால படக இழுத்துத் தண்ணியில விட முடியல."

அப்பா இன்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் கயிற்றை அவிழ்த்தேன்.

போகிற வழி முழுக்க அந்தப் பாட்டுத்தான். மழை தூறியது. குடாவுக்குள் நுழைந்தபோது ஆரின் மிதவை மேடையில், தேவாலயத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் துணி சுற்றி மேலே பிளாஸ்டிக் பை. பக்கத்தில் போனதும் புண்ணின் நாற்றம் வந்தது. நான் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டேன். அவன் எங்கள் தோளைப் பிடிக்காமல், படகின் விளிம்பைப் பிடித்தே ஏறினான்.

மாலுமி அறையில் அவன் உட்கார்ந்ததும் அப்பா ரேடியோவை அணைக்கக் கை நீட்டினார்.

"விடு" என்றான் ஆரின். கொஞ்ச நேரம் கேட்டான். "மேல போற எடத்துல மூச்சப் பிடிச்சிருக்கணும். ஸ்டுடியோக்காரன் அன்னிக்கே சொன்னான். எனக்கு அவசரம்."

யாருக்காகப் பாடியது என்று நான் கேட்டுவிட்டேன். அப்பா முறைத்தார். ஆனால் ஆரின் சொன்னான். ஆலையில் வேலை பார்த்த ஒருத்தி. தட்டு தயாராகி அவன் கப்பல் ஏறியபோது, துறையில் எங்களூர் ஆள் ஒருவன் எதிர்ப்பட்டு, அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதை ஊர்க்கதையோடு கதையாகச் சொன்னானாம். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இல்லை. தட்டுப் பெட்டி எத்தனை கனம், தள்ளும்போது எப்படிச் சத்தம் போட்டது என்பதைத்தான் விவரமாகச் சொன்னான்.

எங்கள் துறைக்குள் வந்தபோது கரையெல்லாம் ஆட்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று வலையில் ஒரு கிழிசல் கிடைத்திருந்தது, கயிற்றில் ஒரு சிக்கல் கிடைத்திருந்தது. நர்ஸ் வலைக்கிடங்கு வாசலில் வண்டியோடு நின்றிருந்தாள். ஆரின் அவளைத் தாண்டிப் படிக்குப் போனான். அப்பா தோள் கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்றான். படியில் உட்கார்ந்து, முதுகு மேல்பக்கமாக, கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினான். ரெக்கேக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அதற்குள் சாண்ட்விச் தீர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நானும் பின்னால் போனேன். லோர்னா தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் முழுக்கத் தின்றிருந்தாள். ஆரின் மேசையைப் பிடித்து எழுந்து நின்று, தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினான்.

தீவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவில் ஒரு நொடி மௌனம் வந்தாலே ஓடிவருகிற ஹார்வி அன்று அசையவில்லை. மைக் திறந்துதான் இருந்தது.

"போதுமா?" என்றான் ஆரின்.

"நர்ஸ் கீழ நிக்கிறா."

"நீ மனுஷியே இல்ல, லோர்னா."

"இல்லதான். எறங்குடா."

இந்தப் பேச்சு முழுவதையும் மரம் வெட்டும் முகாம் வரைக்கும் கேட்டார்கள். என் அம்மா வீட்டில் அடுப்பு முன்னால் நின்றபடி அழுதாளாம்.

அன்று சாயங்காலமே ஆரினை விமானத்தில் ஏற்றினார்கள். லோர்னா கூடப் போனாள். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. நிலையத்துக்கோ அந்த வாரம் போன் நிற்கவில்லை. பாதிப் பேர் அந்த இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம். கடலுக்கடியில் என்று பதில் சொல்லிச் சொல்லி ஹார்விக்கு அலுத்துப்போனது.

உறுப்பினர் கூட்டத்தில் லோர்னாவைக் காப்பாற்ற எல்லோரும் ஏதாவது சொல்லத் தயாராக வந்திருந்தார்கள். நிதி வாரத்துப் பாட்டு வழக்கம்தானே, வீட்டுச் சங்கதி எப்படி ஆகும் என்று ரெக்கேக்காரர் வக்கீல் மாதிரி பேசினார். லோர்னா அவரை உட்காரச் சொன்னாள். சனிக்கிழமை பத்து மணியைத் தான் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், கணக்கு வாத்தியார் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார், அவருக்குக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குளிர்காலம் முழுக்க ஆரின் அவள் வீட்டில் இருந்தான். ஒரு சனிக்கிழமை காலை அப்பா ஒரு ஹாலிபட் மீன் கொடுத்து அனுப்பினார். நான் போனபோது ஆரின் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். லோர்னா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆனது. ரேடியோவில் வாத்தியார் வந்தார். ஏதோ ஜாஸ் ட்ரம்பெட் போட்டார். நடுநடுவே பேச வேண்டிய இடத்தில் திணறினார், பேப்பர் சரசரத்தது.

ஆரின் எட்டி அதை அணைக்கப் பார்த்தான்.

"இருக்கட்டும்" என்றாள் லோர்னா. "பயப்படறாரு பாரு. நாலு பேர் கேட்டாத்தான் பழகும்."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"நான் பேசாம முதல் சேதிக்கே வந்திருந்தா, அந்த நேரம் உன்கிட்டயே இருந்திருக்கும்" என்றான் ஆரின்.

"இருந்திருக்கும்."

"நீ என்னை அப்படியே விட்டிருந்தாலும் இருந்திருக்கும்."

அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அப்புறம் யாருக்குடா வால்ட்ஸ் போடறது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறாய், அங்கே வை என்று அதட்டினாள்.

மே மாதம் ஆரின் நடக்கத் தொடங்கினான். அப்பாவின் படகிலேயே குடாவுக்குத் திரும்பினான். அக்கா தடுக்கவில்லை. மாதம் ஒருமுறை நர்ஸிடம் வந்து காட்டுவதாக ஒப்பந்தம், அதைக் கடைசிவரை மீறவில்லை. அவன் குடாவிலேயே, தன் கட்டிலில்தான் பல வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தான்.

லோர்னாவுக்கு ஹார்வி புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். யாரும் விரும்பாத நேரம். படகுகள் வெளியே, ஊர் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். இந்த நேரத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று அவரே சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னாராம். ஸ்ப்ரூஸ் குடாவில் ஒரு ஆள் இருக்கிறான், போதும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்காக ஆலையில் புதன்கிழமை பாதி நாள் விடுப்பு கேட்டு, பாதிக் கூலியை விட்டுக்கொடுத்தாள்.

ஆலையில் அந்த ஒரு மணி நேரம் பெல்ட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க ஆரம்பித்தது யார் என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. இரைச்சல் குறைந்தால் அக்கார்டியன் கேட்கும். இப்போது அந்த நேரத்தில் வேறு யாரோ பாட்டுப் போடுகிறார்கள். பெல்ட் இன்னும் மெதுவாகத்தான் போகிறது.